விசா பத்து வருஷம், அனுமதி ஆறு மாதம்: எல்லை தாண்டித் திரும்புவதில் நடக்கும் தவறுகள்

நங்கநல்லூரில் எங்கள் தெருவில் வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீடுகள் நாலைந்து உண்டு. மகளுக்குப் பிரசவம், மகன் புது வீடு வாங்கியிருக்கிறான் என்று பெரியவர்கள் அமெரிக்கா போயிருப்பார்கள். தெருவில் யாருக்கு விசா ஃபாரம் நிரப்ப வேண்டுமென்றாலும் என்னிடம் வருவது வழக்கம். அப்படிப் போயிருந்த ஒரு மாமா அங்கிருந்து போன் செய்தார். "ஆறு மாசம் முடியப்போறது. நாலு நாள் டொராண்டோ போயிட்டு வந்தா புதுசா ஆறு மாசம் கொடுப்பாளாமே? இங்க எல்லாரும் சொல்றா."

கொடுக்க மாட்டார்கள். இந்த ஒரு நம்பிக்கையால் சிக்கலில் மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதல் குழப்பம் தேதியில் ஆரம்பிக்கிறது. சென்னை ஜெமினி பாலம் பக்கத்து அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் வாங்கி வரும் சுற்றுலா விசா பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு இருக்கும். அது வாசல் வரை போக உரிமை, அவ்வளவுதான். உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை விமான நிலையத்தில் இமிக்ரேஷன் அதிகாரி முடிவு செய்கிறார். வழக்கமாக ஆறு மாதம் கிடைக்கும். அந்தத் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும், இணையத்தில் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டால் தெரியும். இறங்கிய அன்றைக்கே பிள்ளைகளிடம் சொல்லி அந்தப் பதிவை எடுத்துப் பார்த்துவிடுங்கள். பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாகப் போகிறதென்றால், அனுமதியையும் அந்தத் தேதியோடு சுருக்கிவிடுவது உண்டு. விசாப் பக்கத்தைப் பார்த்து "இன்னும் எட்டு வருஷம் இருக்கே" என்று நிம்மதியாக இருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது.

இப்போது டொராண்டோ கதைக்கு வருவோம். கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ முப்பது நாளுக்குள் போய்வந்தால், பொதுவாகப் பழைய ஐ-94-இல் மிச்சமிருக்கும் நாட்களுக்குத்தான் திரும்ப அனுமதிப்பார்கள். கணக்கு புதிதாகத் தொடங்காது. நம் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசாவும் தனியாக எடுக்க வேண்டும். தங்குவதை நீட்டிக்க மட்டும் போகிறீர்கள் என்றால் அந்தச் செலவு முழுக்க வீண்.

உண்மையான காரணம் இருந்தால், அதாவது பிரசவத்தில் சிக்கல், உடம்பு சரியில்லை என்றால், உள்ளேயிருந்தபடியே, தங்கும் காலத்தை நீட்டிக்கக் கேட்கும் ஐ-539 விண்ணப்பம் போடுவதுதான் நேர்வழி. ஐ-94 முடிவதற்குக் குறைந்தது 45 நாள் முன்பே போடச் சொல்கிறது அங்குள்ள குடிவரவுத் துறை. கடைசி வாரத்தில் அவசரமாகப் போடுவதும், தேதி தாண்டிய பிறகு போடுவதும் பெரிய தவறு. அனுமதித்த தேதிக்கு மேல் ஒரு நாள் இருந்தாலும் அந்தப் பத்து வருஷ விசா செல்லாமல் போய்விடும். புதிதாக விண்ணப்பிக்க ஊருக்குத்தான் வர வேண்டும். 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாக இருந்துவிட்டு வெளியேறினால் மூன்று வருஷம் திரும்ப நுழைய முடியாது. ஒரு வருஷத்தைத் தொட்டால் பத்து வருஷம். அறுபத்தைந்து வயதில் பத்து வருஷம் பேரனைப் பார்க்க முடியாது என்றால் யோசித்துப் பாருங்கள்.

சரி, ஒழுங்காக ஆறு மாதத்தில் சென்னை திரும்பி, மூன்று வாரம் இருந்து, ஒரு டப்பா ஊறுகாயோடு மறுபடி கிளம்பினால்? சட்டத்தில் இத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்று எழுதி வைக்கவில்லை. "ஆறு மாசம் அங்கே, ஆறு மாசம் இங்கே" என்பதும் சட்டம் கிடையாது, பெரியவர்களே வைத்துக்கொண்ட கணக்கு. ஆனால் வருகிறவர் சுற்றிப் பார்க்க வருகிறாரா, அங்கேயே குடியிருக்கிறாரா என்று அதிகாரி பார்க்கிறார். போக்குவரத்து முழுக்க அவர் திரையில் இருக்கும். அபுதாபி வழியாக எதிஹாட்டில் போகிறவர்களுக்கு அந்தச் சோதனை அபுதாபியிலேயே முடிந்துவிடும், அங்கிருந்தே திருப்பி அனுப்பப்படலாம். அமெரிக்காவில் இருந்த நாட்களுக்குக் குறையாமல் ஊரில் இருந்துவிட்டுப் போவதுதான் என் கருத்தில் பத்திரமானது.

இன்னொன்று, பேரக்குழந்தை விஷயம். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போக, குழந்தையை முழுநேரம் பார்த்துக்கொள்ளத்தான் மாறி மாறிப் போகிறோம் என்றால், சம்பளம் வாங்காவிட்டாலும் அதை வேலை என்று அதிகாரி எடுத்துக்கொள்ளலாம். இதற்குப் பொய் சொல்லித் தப்பிக்க நினைப்பது அதைவிட மோசம். பொய் சொன்னார் என்று பதிவாகிவிட்டால் அது ஆயுளுக்கும் தொடரும். குழந்தைக்கு ஆள் ஏற்பாடு செய்வதைப் பிள்ளைகள் முதலிலேயே யோசிக்கட்டும்.

இளைஞர்கள் பக்கம் கதை வேறு. லேப்டாப்போடு தாய்லாந்தில் மாதக்கணக்கில் இருந்துகொண்டு, அனுமதித்த நாட்கள் முடியும்போது மலேசியாவுக்கோ லாவோஸுக்கோ ஒரு நடை போய்வருவதை 'விசா ரன்' என்கிறார்கள். 2024 ஜூலை 15-இல் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 60 நாள் என்று தாய்லாந்து அறிவித்ததும் இது இன்னும் பரவியது. ஆனால் காரணமில்லாமல் இரண்டு தடவைக்கு மேல் இப்படிச் செய்கிறவர்களைத் திருப்பி அனுப்புவோம் என்று 2025 நவம்பரில் அந்த நாட்டு இமிக்ரேஷன் சொன்னது. போன வருஷம் நண்பன் போய்வந்தான் என்பது உங்களுக்கு ஆதாரம் ஆகாது. கிளம்பும் வாரத்தில் தூதரகத் தளத்தைப் பாருங்கள். நாள் தாண்டினால் தினமும் 500 பாத் அபராதம், அதிகபட்சம் 20,000. காசைக் கட்டினால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். 90 நாளைத் தாண்டிவிட்டுத் தானாக வந்து வெளியேறினால்கூட ஒரு வருஷத் தடை உண்டு.

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் எல்லை தாண்டும் வித்தை சுத்தமாக எடுபடாது. எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான், விசாவில் குறைவாகப் போட்டிருந்தால் அதுவும் கிடையாது. லண்டன் போய் ஒரு வாரம் இருந்து வந்தாலும் பழைய நாட்கள் கணக்கில் அப்படியே நிற்கும். 2025 அக்டோபர் 12 முதல் முகப் படத்தோடு, வரும் நாளையும் போகும் நாளையும் கணினியில் பதியத் தொடங்கிவிட்டார்கள், முத்திரை மங்கலாக விழுந்தது என்று சொல்லிப் பயனில்லை.

பயணக் காப்பீடு எந்தத் தேதியோடு முடிகிறது என்றும் பாருங்கள். தங்குவதை நீட்டித்துவிட்டு அதை மறந்துவிடுகிறார்கள். பென்ஷன்காரர்களுக்கு நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்கும் வேலை வேறு இருக்கிறது.

மாமாவுக்கு அப்போது ஐந்து வாரம் மிச்சமிருந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மாப்பிள்ளையின் அம்மாவும் வரத் தயாராக இருந்தார். ரிட்டர்ன் டிக்கெட்டை மாற்றாமல் சொன்ன தேதியில் மீனம்பாக்கத்தில் வந்து இறங்கினார். பேரனின் முதல் பிறந்தநாளுக்கு மறுபடி போகிறார், ஃபாரமும் டிக்கெட்டும் ஃபைலில் போட்டு என்னிடம்தான் இருக்கின்றன.