ஏழைக் குடியிருப்பில் தோட்டம் போடுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களில் பலரைச் சென்னை தன் தெற்கு ஓரத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். வேலை ஊருக்குள்ளே, வீடு ஊருக்கு வெளியே. பஸ், ஷேர் ஆட்டோ செலவு போகக் கையில் நிற்கும் கூலியில் முதலில் வெட்டு விழுவது காய்கறிக்குத்தான். இப்படிப்பட்ட இடங்களில் மாடித்தோட்டமோ பொதுத் தோட்டமோ போட்டுத் தர மாணவர்கள், தொண்டு அமைப்புகள், கம்பெனிகள் என்று பலரும் முன்வருகிறார்கள். மனதார வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால் செடி வளர்க்கக் கொடுத்த பைகள் சில மாதங்களில் காய்ந்து கிழிந்து மூலையில் கிடந்தால் வீணாவது பணம் மட்டுமல்ல. "இதெல்லாம் நமக்குச் சரிவராது" என்று அந்த மக்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். அடுத்த முறை அவர்களை நம்பவைப்பது ரொம்பக் கடினம்.

அரிசி அல்ல, கீரைதான் குறை

பெரிய தவறு தொடக்கத்திலேயே நடக்கிறது: இங்கே எந்த உணவு குறைகிறது என்று பார்க்காமல் செடியைத் தேர்ந்தெடுப்பது. தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். துவரம் பருப்பும் பாமாயிலும் மலிவு விலையில் கிடைக்கின்றன. பள்ளியில் முட்டையோடு மதிய உணவு. தொடக்கப்பள்ளிகளில் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவும் உண்டு. வயிறு ஏதோ ஒரு வகையில் நிரம்பிவிடுகிறது. ஆனாலும் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 57 சதவீதம் பேருக்கும், 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 53 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை. தட்டில் சோறு இருக்கிறது. தொட்டுக்கொள்ளக் கீரையும் காயும் போதவில்லை.

அப்படியிருக்க, ஆறு பையில் தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய் என்று வகைக்கு ஒன்றாக வைத்தால் என்ன ஆகும்? இரண்டு மாதம் காத்திருந்து, நாலு வெண்டைக்காய் பறித்து, அது ஒரு வேளைக் குழம்புக்குக்கூடப் போதாமல் போகும். கீரையின் கணக்கே வேறு. ஒரு சதுர மீட்டர் பாத்தியில் நன்றாகப் பராமரித்தால் முளைக்கீரை சுமார் ஒரு கிலோ கிடைக்கும், அதுவும் விதைத்த 25 நாளில். நாலு பேர் உள்ள வீட்டில் வாரம் இரண்டு முறை கீரை கடைய அந்த ஒரு கிலோ போதும். ஆகவே நான்கு சிறு பாத்திகள் போட்டு, வாரத்துக்கு ஒன்றாக விதைத்துக்கொண்டே வந்தால் அடுப்பில் கீரை தொடர்ந்து வரும். எல்லாப் பாத்தியையும் ஒரே நாளில் விதைப்பது அடிக்கடி நடக்கும் தவறு: நாலு கிலோ கீரை ஒரே வாரத்தில் வந்து, பாதி வாடிப்போய், அப்புறம் மூன்று வாரம் ஒன்றும் இருக்காது.

அரைக்கீரையை வேரோடு பிடுங்காதீர்கள். தரையிலிருந்து இரண்டு விரல் உயரம் விட்டு, கூர்மையான கத்தியால் அறுத்தால் பக்கக் கணுக்கள் துளிர்க்கும், பல மாதம் அறுக்கலாம். பொன்னாங்கண்ணிக்கு விதையே வேண்டாம். சந்தையில் வாங்கிய கட்டிலிருந்து முற்றிய தண்டுகளை ஒடித்து நட்டால் பிடித்துக்கொள்ளும். தரையில் இடம் இருந்தால், பிளாக்குக்கு ஒரு முருங்கை போதும், பல வீடுகளுக்கு இலை கொடுக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கீரை சாப்பிட்டால் ரத்தசோகை ஓடிவிடும் என்று மேடையில் பேசாதீர்கள். கீரையில் இருக்கும் இரும்புச்சத்தை உடல் குறைவாகத்தான் எடுத்துக்கொள்ளும். எலுமிச்சை, தக்காளி, நெல்லிக்காய் சேர்த்துச் சாப்பிட்டால் கொஞ்சம் கூடும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைக் கர்ப்பிணிகள் நிறுத்தக் கூடாது. வைட்டமின் ஏ, ஃபோலேட் (ஒரு வகை பி வைட்டமின்) கிடைக்கக் கீரை மிக நல்லது, அந்த அளவில் சொன்னால் போதும்.

தண்ணீரை யார் சுமப்பது?

திட்ட அறிக்கைகளில் 'நீர் வசதி: உண்டு' என்று ஒரு வரியில் முடிந்துவிடும் விஷயம் இது. தோட்டம் சாவது பெரும்பாலும் இங்கேதான். கோடையில் ஒரு பைக்கு ஒரு நாளைக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் தேவை. இருபது பை என்றால் 20 முதல் 40 லிட்டர், அதாவது இரண்டு மூன்று குடம். பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள். லிஃப்ட் நின்றுபோன நாளில் அந்தக் குடத்தை மாடிக்கு ஏற்றப்போவது யார்? காலை ஆறு மணிக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பி, இருட்டிய பிறகு திரும்பும் பெண்தான். 2019 கோடையில் சென்னை முழுதும் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றதை மறந்துவிட்டு மாடியில் செடி வைக்கக் கூடாது.

அதனால் பை வாங்குவதற்கு முன் தண்ணீருக்கு வழி செய்யுங்கள். மொட்டை மாடியில் குழாய் இல்லையென்றால் மாடித்தோட்டத்தை விட்டுவிட்டு, தரைத்தளத்தில் குழாய்க்குப் பக்கத்தில் பாத்தி போடுங்கள். அரிசியும் காயும் கழுவிய தண்ணீர் கீரைக்கு நல்லது. சோப்புத் தண்ணீரை வாழைக்கு விடலாம், கீரைக்கு வேண்டாம். சாக்கடைத் தண்ணீர் கூடவே கூடாது. குடல் புழு முட்டைகள் இலையோடு வீட்டுக்கு வரும். ஏப்ரல், மே மாதங்களில் பாதி வெயிலைத் தடுக்கும் பச்சை நிழல்வலை கட்டினால் தண்ணீர் தேவையும் குறையும். பைக்கு அடியில் வைக்கும் தட்டில் நீர் தேங்கவிடாதீர்கள். ஒரு வாரம் தேங்கினால் போதும், டெங்கு கொசு உற்பத்தியாகிவிடும். அக்கம்பக்கத்தார் தோட்டத்துக்கு எதிராகத் திரும்புவது பெரும்பாலும் கொசுவால்தான்.

மண்ணும் நார்க்கழிவும்

கட்டடம் கட்டிய இடத்து மண்ணில் சிமெண்ட், செங்கல் துண்டு, பழைய பெயின்ட் செதில் எல்லாம் கலந்திருக்கும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில் எவ்வளவு இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது. மண் பரிசோதனை நிலையத்தில் வழக்கமாகப் பார்ப்பது தழை, மணி, சாம்பல் சத்துகளையும் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்) உப்பையும். ஈயத்தைத் தனியாகக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். பழைய பேட்டரி உடைக்கும் இடம், பட்டறை, குப்பைமேடு பக்கத்தில் இருந்தால் அந்தத் தரையில் கீரையும் கிழங்கும் வேண்டாம். ஒரு அடி உயரத்துக்குச் செங்கல் அடுக்கி, வெளியிலிருந்து நல்ல செம்மண் கொண்டுவந்து கொட்டுங்கள். சாலையோரம் என்றால் தூசி இலையில் படியும். மூன்று தண்ணீரில் அலசாமல் சமைக்கக் கூடாது.

இலவசப் பைகளோடு வரும் தேங்காய் நார்க்கழிவுக் கட்டியில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஊறவைத்ததும் பொலபொலவென்று மண் மாதிரி உப்பி வரும், ஆனால் அதில் செடிக்கு வேண்டிய சத்து இல்லை. கழுவாத கட்டியில் உப்பும் இருக்கும். அப்படியே நிரப்பி விதைத்தால் முளைத்த கீரை வெளிறி, இலை நுனி கருகி நிற்கும். டிரம்மில் ஊறவைத்து, தண்ணீரைப் பிழிந்து கொட்டி, மறுபடியும் ஊறவைத்துப் பிழிய வேண்டும். பிறகு செம்மண், நார்க்கழிவு, மக்கிய தொழுவுரம் மூன்றையும் சமமாகக் கலக்கலாம். பச்சைச் சாணத்தைக் கலக்காதீர்கள், வேர் வெந்துபோகும்.

இடம் யாருடையது, வேலை யாருடையது

அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 2001 பொருளாதார நெருக்கடியில் அந்த நகரத்துக் குடும்பங்கள் வறுமையில் விழுந்தபோது, 2002-இல் மாநகராட்சி நகர்ப்புற வேளாண்மைத் திட்டத்தைத் தொடங்கியது. விதையும் பயிற்சியும் மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை. சும்மா கிடந்த நிலங்களைத் தேடிப் பயிர் செய்யக் கொடுத்தது, விளைந்ததை விற்க நகரத்துக்குள் சந்தைகளும் அமைத்தது. இருபது ஆண்டுகள் கடந்தும் அது நிற்பதற்கு அந்த இரண்டும்தான் காரணம் என்று நினைக்கிறேன். மாறாக, 2022 நெருக்கடியில் இலங்கை அரசு வீட்டுத்தோட்டம் போடச் சொல்லி அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அறிவித்தது. மாதச் சம்பளமும் வீட்டைச் சுற்றி இடமும் இருந்தவருக்கு அது உதவியிருக்கலாம். கொழும்பு அடுக்குமாடியில் அன்றாடங்காய்ச்சியாக வாழ்கிறவருக்கு அந்த விடுமுறையும் கிடையாது, மண்ணும் கிடையாது.

நம் ஊரிலும் அனுமதியை எழுத்தில் வாங்காமல் தொடங்காதீர்கள். மொட்டை மாடி, இந்த வீடுகளைக் கட்டிய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துடையது. வாய்மொழியாகச் சரி என்ற அதிகாரி மாறினால், புதிதாக வருபவர் "தளம் ஒழுகுகிறது, எடுங்கள்" என்பார். நனைந்த பை ஒவ்வொன்றும் 15 கிலோவுக்குக் குறையாது. எத்தனை வைக்கலாம் என்று பொறியாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுவது எல்லோருக்கும் நல்லது.

வேலையைப் பெண்கள் குழு இலவசமாகப் பார்த்துக்கொள்ளும் என்று கணக்குப் போடுவது எனக்கு மிகவும் கோபம் தரும் விஷயம். தினமும் ஒரு மணி நேரம் அவர்கள் செலவிட்டால் அதற்குக் கூலி வேண்டும். நிதியில் பை, விதை, பேனர் எல்லாவற்றுக்கும் தொகை ஒதுக்குகிறோம், ஆளுக்கு மட்டும் ஒதுக்குவதில்லை. பகுதி நேரமாக ஒரே ஒரு ஆளுக்கு ஓராண்டு சம்பளம் வைத்தாலே தோட்டம் நிற்கும். அங்கன்வாடிக்குப் பக்கத்தில் போட்டால் விளைந்தது நேராகக் குழந்தைகளின் சாம்பாருக்குள் போகும்.

காலமும் விதையும்

நிதியாண்டு முடிகிறதென்று மார்ச் கடைசியில் பை கொடுப்பதை நிறுத்துங்கள். அனுபவமில்லாதவர்கள் சித்திரை வெயிலில் முதல் தோட்டம் போட்டால் தோற்பது நிச்சயம். வெண்டை, அவரை போன்றவற்றுக்கு ஆடிப்பட்டம் இருக்கிறது. கீரைக்குச் சென்னையில் தை பிறந்ததும் வசதி. ஐப்பசி அடைமழையில் சின்ன நாற்றெல்லாம் அடித்துக்கொண்டு போகும்.

வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) விதை வேண்டாம். அதில் எடுத்த விதை அடுத்த முறை ஒரே மாதிரி வராது, மறுபடியும் யாராவது கொண்டுவந்து கொடுத்தாக வேண்டும். நாட்டு ரகக் கீரை வாங்குங்கள். பாத்தியின் ஓரத்தில் நாலைந்து செடியை அறுக்காமல் பூக்க விட்டு, கதிர் காய்ந்ததும் ஒரு துணியில் தட்டி, புடைத்து, நிழலில் உலர்த்தி, மூடி போட்ட டப்பாவில் சாம்பல் கலந்து வைத்தால் அடுத்த பட்டத்துக்கு அந்த பிளாக் முழுவதற்கும் விதை தயார்.