2 மி.மீ. ஏபிஎஸ் ஷீட்டில் 50 மூடி: அளவு தப்பாத வேக்குவம் ஃபார்மிங்

மதுக்கரையிலிருந்து வாளையாறு தாண்டி கஞ்சிக்கோடு வரை சின்னப் பட்டறைகளுக்கு அடிக்கடி வரும் ஆர்டர் இது: ஏதோ ஒரு மெஷினுக்குத் தூசி மூடி, 50 அல்லது 100 உருப்படி. அந்த எண்ணிக்கைக்கு, உருகிய பிளாஸ்டிக்கை அழுத்திச் செலுத்தும் இன்ஜெக்ஷன் மோல்டு கட்டுப்படியாகாது. சூடாக்கிய ஷீட்டை அச்சின்மேல் இறக்கி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சும் வேக்குவம் ஃபார்மிங் போதும். ஷீட்டின் ஓரத்தைப் பிடிக்கும் கிளாம்ப் ஃப்ரேம், ஹீட்டர் பெட்டி வெல்டிங் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு மூடியை யாரும் எடுத்துவிடலாம். 50-ம் ஒரே அளவில் வருவதற்கான வேலையை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு, உள்ளளவு 200 × 120 மி.மீ., உயரம் 40 மி.மீ. உள்ள மூடி. ஷீட் 2 மி.மீ. ஏபிஎஸ் (கெட்டியான ஒரு பிளாஸ்டிக்), வெட்டளவு 340 × 240. ஃப்ரேமின் உள் திறப்பு 300 × 200.

1. எந்த முகத்துக்கு அளவு வேண்டும்?

அச்சில் ஒட்டும் முகம் மட்டும்தான் அளவாக வரும். மறுமுகம் ஷீட் எவ்வளவு இழுபட்டதோ அதற்கேற்ப மாறும். பெட்டிமேல் கவிழ்கிற மூடிக்கு உள்ளளவு முக்கியம், அதனால் மேடான ஆண் அச்சு. வெளியளவு முக்கியமென்றால் குழியான பெண் அச்சு. இதை மாற்றிச் செய்துவிட்டால் பிறகு எதைச் சரிசெய்தும் பயனில்லை.

கனத்தையும் இப்போதே கணக்குப் போடுங்கள். திறப்பின் பரப்பு 60,000 சதுர மி.மீ. நான்கு சுவரும் சேர்ந்து 640 × 40 = 25,600. மொத்தம் 85,600. அதாவது 2 × 60,000 ÷ 85,600, சராசரி 1.4 மி.மீ. மூலைகள் இதைவிட மெலியும். அங்கே ஸ்க்ரூ வருமென்றால் 3 மி.மீ. ஷீட்டுக்குப் போங்கள்.

2. அச்சு

ஏபிஎஸ் ஆறும்போது சுமார் 0.6% சுருங்கும். 200-க்கு அச்சில் 201.2, 120-க்கு 120.7 வையுங்கள். ஆண் அச்சுக்குச் சுவர்ச் சரிவு 5 டிகிரி. சுருங்கும் மூடி அச்சை இறுக்கிப் பிடிக்கும் என்பதால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம். அந்த அளவு சுவரின் எந்த உயரத்தில் வேண்டும் என்பதையும் வரைபடத்தில் குறியுங்கள். மூலை வளைவு 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

50 உருப்படிக்கு எம்டிஎஃப் (மரத்தூள் அழுத்திய பலகை) அச்சு போதும். சீலர் அடித்து 320 எண் உப்புத்தாளோடு நிறுத்திவிடுங்கள். கண்ணாடிபோல் பாலிஷ் போட்டால் ஷீட்டுக்கும் அச்சுக்கும் நடுவே காற்று சிக்கி, மேல்முகத்தில் கொப்புளம்போல் நிற்கும். சொரசொரப்பு இருந்தால் காற்று வழி கண்டு ஓடிவிடும். பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில் 3டி பிரின்ட் செய்த அச்சு 60 டிகிரியிலேயே இளகத் தொடங்குவதால் முதல் சில உருப்படிகளுக்கு மட்டுமே தாங்கும்.

காற்றுத்துளை 0.8 மி.மீ. ஷீட் கடைசியாகப் போய் ஒட்டும் இடங்களில் போட வேண்டும். ஆண் அச்சில் அது அடிவிளிம்பு, குழிந்த எழுத்து, பள்ளம். 40 மி.மீ. ஆழத்துக்கு 0.8 பிட்டை விட்டால் உடைந்துவிடும். அடியிலிருந்து 6 மி.மீ. பிட்டில் துளைத்து, மேலே 5 மி.மீ. மட்டும் மிச்சம் வைத்துச் சின்னத் துளை போடுங்கள்.

ஆர்டர் நூறுகளில் வளர்ந்தால் அலுமினிய அச்சு நல்லது. கோயம்புத்தூரில் ஃபவுண்டரிகளும் பேட்டர்ன் பட்டறைகளும் நிறைய. ஆனால் வார்ப்புக்கு மாதிரியாக வைக்கும் மரப் பேட்டர்னில் இரட்டைச் சுருக்கம் சேர்க்க மறக்காதீர்கள்: வார்ப்பு அலுமினியத்துக்குச் சுமார் 1.3%, அதற்குமேல் ஏபிஎஸ்-க்கு 0.6%. 200-க்குப் பேட்டர்ன் 203.8.

3. ஷீட் வெட்டும்போது

எக்ஸ்ட்ரூடர் (ஷீட்டைப் பிதுக்கித் தயாரிக்கும் மெஷின்) ஓடிய திசையில் ஷீட் அதிகம் சுருங்கும், குறுக்கே குறைவு. பெரிய ஷீட்டில் முதலில் அம்புக்குறி போட்டுவிட்டு, எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வெட்டுங்கள். மிச்சத்தை வீணாக்காமல் இருக்க இரண்டு துண்டைத் திருப்பி வெட்டினால், அந்த இரண்டும் பெட்டியில் உட்காராது. திசை தெரியாத ஷீட்டா? 100 மி.மீ. சதுரம் ஒன்று வெட்டி, சூடு ஏற்றி ஆறவிட்டு அளந்தால் தெரிந்துவிடும்.

4. உலர்த்துதல்: பாதிப் பேர் தடுக்கி விழும் இடம்

ஷீட்டைச் சூடாக்கும்போது குட்டிக் குட்டிக் குமிழ் வந்தால் எல்லோரும் சூட்டைத்தான் குறைக்கிறார்கள். குறைத்தால் மூலை மொக்கையாக வரும், கூட்டினால் மறுபடி குமிழ். காரணம் ஷீட்டுக்குள் இருக்கும் ஈரம். ஏபிஎஸ், பாலிகார்பனேட் இரண்டும் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். தென்மேற்குப் பருவமழையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று இதற்குப் போதும். ஏப்ரலில் உலர்த்தாமலே ஒழுங்காக வந்த அதே ஷீட் ஜூலையில் பொங்கும்.

2 மி.மீ. ஏபிஎஸ்-ஐ 80 டிகிரியில் 3 மணி நேரம் வையுங்கள். பாலிகார்பனேட்டுக்கு 120 டிகிரி, 3 மி.மீ. கனமென்றால் 4 மணி நேரம். மேலே ஒட்டிய பாதுகாப்பு ஃபிலிமை முதலில் உரித்துவிட வேண்டும். ஷீட்டுகளை அடுக்கக் கூடாது, இரண்டு பக்கமும் காற்றுப் பட 20 மி.மீ. இடைவெளியில் நிறுத்துங்கள். பழைய இரும்பு பீரோ, ஃபின் ஹீட்டர், சூடு தாங்கும் ஃபேன், தெர்மோஸ்டாட் இருந்தால் அடுப்பு தயார். வெளியே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஓட்டிவிடுங்கள். அடுப்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பது இன்னும் நல்லது.

இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் ஹிப்ஸ் (பாலிஸ்டைரீன் வகை பிளாஸ்டிக்) ஷீட் வாங்குங்கள். அது ஈரம் இழுப்பது மிகக் குறைவு. பழகுவதற்கு அதைத்தான் சொல்வேன். வெயிலில் வைக்கும் மூடிக்கு மட்டும் வேண்டாம், நாளடைவில் மொறுமொறுவென உடையும்.

5. சூடு

500 வாட் செராமிக் ஹீட்டர் 6, ஷீட்டுக்கு மேலே 150 மி.மீ. உயரத்தில். மொத்தம் 3 கிலோவாட், சுமார் 13 ஆம்பியர். ஹீட்டர் பரப்பு ஷீட்டைவிட நான்கு பக்கமும் 50 மி.மீ. பெரிதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஓரம் வேகாது. 3 மி.மீ.க்கு மேற்பட்ட ஷீட்டுக்கு இரண்டு பக்கமும் ஹீட்டர் வேண்டும்.

கடிகாரத்தை நம்பி ஓட்டாதீர்கள். வோல்டேஜ் 230-லிருந்து 200-க்கு இறங்கினால் ஹீட்டரின் வாட் 76%-ஆகிவிடும். காலையில் 80 வினாடியில் பதமான ஷீட் மாலையில் அதே 80 வினாடியில் அரைவேக்காடு. ஷீட்டையே பாருங்கள்: முதலில் நெளியும், பிறகு தானாக விறைத்துத் தட்டையாகும், அதன்பின் தொங்கும். இந்தத் திறப்புக்கு நடுவில் 20 முதல் 25 மி.மீ. தொய்வு வந்ததும் இறக்குங்கள். ஃப்ரேமுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை நிறுத்தி வைத்தால் கண் ஏமாறாது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் 160 டிகிரி சுமார் காட்டும். அது மேற்பரப்புச் சூடுதான் என்பதால் நான் தொய்வையே முதலில் நம்புகிறேன்.

வீட்டு வேக்குவம் கிளீனரால் முதல் முயற்சி செய்யலாம். அதன் இழுவை 150 முதல் 190 மி.மீ. பாதரசம்தான், மூலை கூர்மையாக வராது. பம்பும் டேங்கும் வேண்டும். அச்சு உட்காரும் மேடைக்கு அடியிலும் குழாயிலும் 8 லிட்டர் காற்று இருந்து, 40 லிட்டர் டேங்கை 700 மி.மீ. பாதரசம் வரை இழுத்து வைத்தால், வால்வைத் திறந்ததும் 583-ல் நிற்கும். 80 லிட்டர் டேங்க் என்றால் 636. கம்ப்ரசர் டேங்கையே பயன்படுத்துங்கள்; பெயின்ட் டின், பிளாஸ்டிக் டிரம் உள்வாங்கி நசுங்கிவிடும். 583 மி.மீ.யில் இந்த மேடைமேல் விழும் சுமை 470 கிலோவைத் தாண்டும். ப்ளைவுட் மேடைக்கு அடியில் நடுவே கால் கொடுங்கள்.

6. எடுப்பதும் வெட்டுவதும்

மூடி அச்சில் இருக்கும்வரை அச்சு அதைச் சுருங்க விடாது. 90 டிகிரியில் ஒன்றையும் 60-ல் இன்னொன்றையும் எடுத்தால் இரண்டும் வேறு அளவு. டேபிள் ஃபேனை வைத்து, மூடி 70 டிகிரிக்கு வந்ததும் எடுங்கள். எல்லாவற்றுக்கும் அதே 70. முதல் நான்கைந்து மூடியில் அச்சு குளிர்ந்திருக்கும், அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அளவெடுப்பதும், மிச்ச ஓரத்தை வெட்டி டிரிம் செய்வதும் முழுதாக ஆறிய பிறகு. ஏபிஎஸ் 200 மி.மீ. நீளத்தில் 30 டிகிரிக்கு அரை மி.மீ.க்கு மேல் மாறும். உள்ளே இறுக உட்காரும் எம்டிஎஃப் கட்டையில் மூடியைக் கவிழ்த்து, ரவுட்டர் டேபிளில் வட்ட ஸ்லிட்டிங் பிளேடைக் குறித்த உயரத்தில் பூட்டி, கட்டையைச் சுற்றித் தள்ளுங்கள். கத்தியால் கீறி ஒடிப்பதில் விளிம்பு அலைபாயும், எனக்கு அதில் நம்பிக்கையில்லை. துளைகளும் அதே கட்டையில் ஜிக் (துளையின் இடம் காட்டும் வழிகாட்டி) வைத்துத்தான்.

பிறகு சேர்த்தது

ஒரே ஷீட்டில் இரண்டு அச்சு வைப்பவர்களுக்கு நடுவே துணி மடிப்புபோல் ஒரு சுவர் எழும்புகிறது. அச்சு உயரத்தைப்போல் 1.75 மடங்கு இடைவெளி விடுங்கள்; 40-க்கு 70 மி.மீ. அப்போதும் மடிப்பு வந்தால் ஷீட் அதிகம் தொய்ந்துவிட்டது என்று அர்த்தம், 5 மி.மீ. முன்னதாகவே இறக்கிப் பாருங்கள்.

பிவிசி ஷீட்டில் இதே முறையைச் செய்பவர்கள் சூட்டைக் கூட்டிக் கருகவிடாதீர்கள். ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி வரும். ஏபிஎஸ்-க்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.