வானிலிருந்து ஏவப்படும் குரூஸ் ஏவுகணை: 'வீச்சு' எண்ணைப் படிக்கும் முறை

இரட்டைப்படை ஆண்டுகளின் பிப்ரவரியில் சாங்கி கண்காட்சி மையத்தில் நடைபெறும் சிங்கப்பூர் விமானக் கண்காட்சிக்குச் செல்பவர்கள், போர் விமானங்களின் அருகிலும் அரங்குகளிலும் வைக்கப்பட்டிருக்கும் ஏவுகணை மாதிரிகளின் முன்னே நின்றதும் முதலில் தேடுவது, அது எத்தனை கிலோமீட்டர் செல்லும் என்ற எண்ணைத்தான். அந்த எண் பொய்யன்று. ஆனால் எந்த அலகில், எந்த நோக்கத்தில், எந்த விமானத்தை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது என்று தெரியாதவரை அதிலிருந்து அதிகம் அறிய முடியாது.

முதலில், பார்ப்பது குரூஸ் ஏவுகணைதானா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். குரூஸ் ஏவுகணை விமானத்தைப் போலவே காற்றை உள்ளிழுக்கும் எந்திரத்தால் பறப்பது. ஆகவே அதன் உடலில் காற்று நுழைவாயைத் தேட வேண்டும். சிறகு மட்டும் இருந்து நுழைவாய் இல்லையென்றால், அது பெரும்பாலும் எந்திரமற்ற சறுக்குக் குண்டாக இருக்கும். மிக்-31 விமானத்திலிருந்து ஏவப்படும் ரஷ்யாவின் கின்ழால் ஏவுகணையைச் செய்திகளில் சிலர் குரூஸ் வகையில் சேர்த்துவிடுகிறார்கள். அது ராக்கெட் எந்திரத்தால் உந்தப்பட்டு வளைபாதையில் பாயும் பாலிஸ்டிக் வகையைச் சேர்ந்தது. (மேற்கத்திய மாதிரிகளில் நீல வண்ணப் பட்டையைக் கண்டால், அது வெடிமருந்தற்ற பயிற்சி வடிவம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.)

அடுத்து அலகு. அமெரிக்க ஏடுகள் 'மைல்' என்று எழுதும்போது அது தரை மைலா கடல் மைலா என்று பாருங்கள். 500 தரை மைல் ஏறத்தாழ 805 கிலோமீட்டர். 500 கடல் மைல் 926 கிலோமீட்டர். இடைவெளி 120 கிலோமீட்டருக்கும் அதிகம். தமிழ்ச் செய்திகளில் காணப்படும் முரண்பட்ட எண்களில் சில இந்தக் குழப்பத்தால் வருபவை என்றே கருதுகிறேன்.

எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும் சொற்களையும் விடாதீர்கள். பிரிட்டனும் பிரான்சும் பயன்படுத்தும் ஸ்டார்ம் ஷேடோவின் வீச்சு '250 கிலோமீட்டருக்கு மேல்' என்றே தயாரிப்பாளர் தரப்பில் சொல்லப்படுகிறது. 'மேல்' எவ்வளவு மேல் என்பது வாசகருக்கானதன்று. 290 என்ற எண்ணைக் கண்டாலும் சற்று நின்று யோசிக்க வேண்டும். 1987இல் உருவான ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாடு, 500 கிலோ சுமையை 300 கிலோமீட்டர் கொண்டுசெல்லக்கூடிய ஏவுகணைகளின் ஏற்றுமதியை மிகக் கடுமையாக வரையறுக்கிறது. இந்தியாவும் ரஷ்யாவும் சேர்ந்து உருவாக்கிய பிரமோஸ் ஏவுகணை தொடக்கத்தில் 290 கிலோமீட்டர் என்று அறிவிக்கப்பட்டதற்குப் பொறியியலைவிட இந்த வரம்பே காரணம். இந்தியா 2016இல் அந்த ஏற்பாட்டில் உறுப்பினரானதும், கூடுதல் வீச்சுள்ள வடிவங்கள் பற்றிய அறிவிப்புகள் வரத் தொடங்கின.

வெளித்தோற்றத்தை வைத்து வீச்சைக் கணிக்க முயல வேண்டாம். அமெரிக்காவின் ஜாசம் ஏவுகணையின் முதல் வடிவம் ஏறத்தாழ 370 கிலோமீட்டர் செல்வது. நீட்டித்த வடிவம் 926 கிலோமீட்டருக்கு மேல் செல்வது. இரண்டையும் அருகருகே வைத்தால் வேறுபாடு காண்பது அரிது. டர்போஜெட் எந்திரத்துக்குப் பதிலாக எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் டர்போஃபேன் எந்திரத்தைப் பொருத்தி, உள்ளே எரிபொருளுக்குக் கூடுதல் இடம் ஒதுக்கியதே அந்தப் பாய்ச்சலுக்குக் காரணம். அளவு புரிவதற்காக மட்டும் சொல்வதென்றால், முதல் எண் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர்வரையுள்ள வான்வழித் தொலைவைச் சற்றுத் தாண்டும். இரண்டாவது ஜகார்த்தாவரையுள்ள தொலைவைச் சற்றுத் தாண்டும்.

இனி, பலரும் தவறவிடும் கணக்குக்கு வருவோம். ஏவுகணையின் வீச்சு என்பது விமானத்தை விட்டுப் பிரிந்த இடத்திலிருந்து எண்ணப்படுவது. அதற்கு முன் விமானம் கடந்த தொலைவை நீங்கள்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். 1991 வளைகுடாப் போரின் முதல் இரவுத் தாக்குதலுக்காக, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள பார்க்ஸ்டேல் தளத்திலிருந்து 7 பி-52 குண்டுவீச்சு விமானங்கள் புறப்பட்டு, வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டு, 35 குரூஸ் ஏவுகணைகளை ஏவிவிட்டு, ஏறத்தாழ 35 மணி நேரத்துக்குப் பின் புறப்பட்ட தளத்துக்கே திரும்பின. அந்தப் பயணத்தை ஏவுகணையின் வீச்சு எண்ணைக் கொண்டு மட்டும் விளக்கவே முடியாது. ஆகவே செய்தியில் ஏவுகணையின் பெயரைக் கண்டதும், அதைச் சுமக்கும் விமானத்தின் பெயரையும், எரிபொருள் நிரப்பும் விமானங்கள் உடன் உள்ளனவா என்பதையும் தேடுங்கள்.

நேரத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். பிரமோஸ் போன்ற சில நீங்கலாக, நெடுந்தொலைவு குரூஸ் ஏவுகணைகளில் பெரும்பாலானவை ஒலியைவிடக் குறைந்த வேகத்தில், பயணிகள் விமானத்தின் வேகத்தை ஒட்டியே செல்பவை. 900 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். கட்டடமோ பாலமோ இடம்பெயராது. கப்பல் அதற்குள் பல கிலோமீட்டர் நகர்ந்துவிடும். நகரும் இலக்குக்கான ஏவுகணையென்றால், வழியில் புதிய தகவலைப் பெறும் வசதியும் இலக்கைத் தானே தேடும் உணர்கருவியும் உண்டா என்று கேளுங்கள்.

கடைசியாக, ஏவுகணை விமானத்தின் உள்ளறையில் அடங்குமா, இறக்கைக்குக் கீழே தொங்குமா என்று பாருங்கள். சிங்கப்பூர் ஆகாயப் படை வாங்கும் எஃப்-35 விமானங்களில் 12 பி வகையையும் 8 ஏ வகையையும் சேர்ந்தவை. செங்குத்தாகத் தரையிறங்க உதவும் விசிறிக்கு இடம்கொடுத்ததால் பி வகையின் உள்ளறை சிறியது. நார்வேயின் ஜேஎஸ்எம் ஏவுகணை ஏ வகையின் உள்ளறையில் அடங்கும், பி வகையில் அடங்காது. ஜாசம் இரண்டிலும் வெளியேதான் தொங்க வேண்டும்; அப்படித் தொங்கினால் ரேடாரில் எளிதில் சிக்காத தன்மை குறையும். அரங்கில் நிற்கும் அலுவலரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால், நான் வீச்சைக் கேட்க மாட்டேன், இதைத்தான் கேட்பேன்.