நோர்வேயின் வடக்கில் தனித்துப் போகாமல் இருக்க: புதிதாக வருவோர் செய்யும் தவறுகள்

ஒஸ்லோவில் இருந்து வட நோர்வேயின் பெரிய நகரமான ட்ரொம்சோவுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அதற்கும் கிழக்கே, ஃபின்மார்க் மாகாணத்தின் கரையோர ஊர்களுக்குப் போக வேண்டுமென்றால் இன்னொரு சிறிய விமானம் ஏற வேண்டும். ஃபின்மார்க் டென்மார்க்கை விடப் பரப்பில் பெரியது. அங்கே வாழ்பவர்களோ சுமார் 75,000 பேர்தான். வேலைக்கு ஆள் தேவை எப்போதும் உண்டு, ஃபின்மார்க்கிலும் வட ட்ரொம்ஸிலும் வருமான வரி குறைவு. ஆகவே தாதிகள், பொறியியலாளர்கள், பல்கலைக்கழக ஆய்வாளர்கள் என்று நம்மவர்கள் இன்றும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் இரண்டாவது குளிர்காலம் முடிந்ததும் தெற்கே இறங்கி விடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் முதலில் குளிர் என்பார்கள், பிறகு இருட்டு என்பார்கள். கொஞ்ச நேரம் இருந்து கதைத்தால் உண்மைக் காரணம் வரும்: "மனம் விட்டுக் கதைக்க ஒரு ஆள் கிடைக்கவில்லை."

அந்த ஊர்களில் ஆட்கள் நல்லவர்கள். ஆனால் அவர்களோடு பழகுவதற்கு ஒரு பருவம் இருக்கிறது, ஒரு இடம் இருக்கிறது. அதைத் தவறவிட்டால் எவ்வளவு கலகலப்பான ஆளும் தனித்துப் போவார். நான் திரும்பத் திரும்பப் பார்த்த தவறுகளைச் சொல்கிறேன்.

"எல்லாம் சரிவந்த பிறகு பார்ப்போம்"

மிகப் பெரிய தவறு இதுதான். வேலை பழகட்டும், வீடு ஒழுங்காகட்டும், மொழி கொஞ்சம் வரட்டும், பிறகு ஆட்களோடு பழகலாம் என்று தள்ளிப் போடுவது. வடக்கில் வருடம் ஜனவரியில் தொடங்குவதில்லை. ஓகஸ்ட் நடுப்பகுதியில் பாடசாலையோடு தொடங்குகிறது. பாடற்குழு, பான்ட் வாத்தியக் குழு, உதைபந்தாட்டம், பனிச்சறுக்கு, தையல், நாடகம், வளர்ந்தோருக்கான மாலை வகுப்பு எல்லாமே ஓகஸ்ட் கடைசியிலும் செப்டெம்பரிலும் ஆள் சேர்க்கும். அந்த மாதத்தில் எல்லோருமே கொஞ்சம் புதியவர்கள். நவம்பரில் போனால், ஏற்கெனவே பத்துக் கிழமை ஒன்றாகப் பயிற்சி செய்த கூட்டத்துக்குள் ஒரு அந்நியராக நுழைவீர்கள். யாரும் விரட்ட மாட்டார்கள், ஆனால் அந்தக் கூச்சத்தை உடைக்க இரண்டு மடங்கு காலம் எடுக்கும்.

மொழி வந்த பிறகு போகலாம் என்பதும் சரிவராது. மொழி அங்கேதான் வரும். வகுப்பில் படிக்கும் நோர்வேஜிய மொழியும் ஃபின்மார்க்கின் மீன் துறைமுகத்தில் காதில் விழுவதும் ஒன்றல்ல. வட்டார வழக்கு "நான்" என்ற சொல்லிலேயே மாறிவிடும். வடக்கத்தியர் தங்கள் பேச்சை யாருக்காகவும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள், மாற்றச் சொல்லிக் கேட்பதும் அழகில்லை. பழகப் பழகக் காது பிடித்துக்கொள்ளும். பல்கலைக்கழகத்தில் வேலை செய்பவர்களுக்கு இதில் தனி ஆபத்து உண்டு. அங்கே ஆங்கிலத்தில் எல்லாம் நடந்துவிடும். நான்கு வருடம் இருந்தும், ஒப்பந்தம் முடிந்து ஒவ்வொருவராகக் கிளம்பும் வெளிநாட்டு ஆய்வாளர்களைத் தவிர ஊரில் யாரையும் தெரியாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். பல ஊர்களில் நூலகமோ செஞ்சிலுவைச் சங்கமோ மொழிப் பயிற்சிக்கென்று கோப்பிக் கூட்டம் வைக்கும். கட்டணம் இல்லை, இலக்கணப் பிழையை யாரும் எண்ணுவதும் இல்லை.

அழைப்புக்குக் காத்திருத்தல்

நம் ஊரில் புதுக்குடும்பம் வந்தால் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள், பலகாரம் வரும், பெண்கள் படலையடியில் நின்று விசாரிப்பார்கள். நோர்வேயில் அந்த எதிர்பார்ப்போடு இருந்தால் மனம் உடைந்து போகும். பக்கத்து வீட்டுக்காரர் தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போவது வெறுப்பில் இல்லை. உங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற மரியாதை அது. அவர்கள் முகம் பார்த்துக் கதைக்கத் தொடங்குவது கையில் ஏதாவது வேலை இருக்கும்போது.

சனிக்கிழமை காலை உள்ளூர் விளையாட்டு மண்டபத்தைப் பாருங்கள். பிள்ளைகளின் கைப்பந்துப் போட்டி. வாசலருகே பெற்றோர் முறைவைத்து நடத்தும் சின்னக் கடை: பெரிய குடுவைகளில் கோப்பி, இரண்டு வாஃபிள் அச்சு, ஒரு வாளி நிறையக் கரைத்த மா, ஜாம், பழுப்புப் பாற்கட்டித் துண்டுகள். உங்களோடு முறை விழுந்த அம்மா முதல் அரைமணி நேரம் எதுவும் கதைக்க மாட்டார். உங்கள் முதல் வாஃபிள் அச்சில் ஒட்டிக் கிழியும். அவர் பேசாமல் மாஜரின் டப்பாவை உங்கள் பக்கம் தள்ளுவார். மூன்றாவது வாஃபிள் சரியாக வரும்போது "எங்கே வேலை செய்கிறீர்கள்?" என்று கேள்வி வரும். பன்னிரண்டு மணிக்குக் கடை மூடும்போது அவருடைய மாமியாரின் முழங்கால் வலி வரைக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த மூன்று மணி நேரத்தை "எனக்கு நேரமில்லை, காசாகத் தந்துவிடுகிறேன்" என்று சொல்லித் தவிர்ப்பவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும். அந்த ஊரில் அதைவிட எளிதாகத் திறக்கும் கதவு வேறு இல்லை.

துக்னாத் என்கிற சிரமதானமும் இப்படித்தான். பனி உருகியதும் குடியிருப்பார் எல்லோரும் கூடி, வழுக்காமல் இருக்கக் குளிர்காலம் முழுக்கப் போட்ட சரளைக் கற்களைக் கூட்டி அள்ளுவார்கள், வேலிக்குப் பெயின்ட் அடிப்பார்கள், பிறகு சொசேஜ் வாட்டிச் சாப்பிடுவார்கள். வராதவரின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் நினைவில் வைத்திருப்பார்கள். பிள்ளைகளின் விளையாட்டுக் குழுக்கள் இதற்கெல்லாம் ஸ்பொண்ட் என்ற செயலியில் அறிவித்தல் போடும். பார்த்துவிட்டு "வருகிறேன்", "வரமுடியாது" இரண்டில் ஒன்றையும் அழுத்தாமல் விடுவது நம்மிடம் உள்ள பழக்கம். அங்கே அது அலட்சியமாகத்தான் எடுக்கப்படும்.

வேலையிடத்தில் மதியச் சாப்பாடும் முக்கியம். பதினொன்றரைக்கு எல்லோரும் பாண் பெட்டியோடு ஒரே மேசைக்கு வருவார்கள். கறி மணக்கும் என்று கூச்சப்பட்டுத் தன் மேசையிலேயே சாப்பிடுகிறவர், ஊர்க் கதை எல்லாம் நடக்கும் அந்த அரைமணி நேரத்தை இழக்கிறார். சோறு வேண்டுமென்றால் சோறே கொண்டு போங்கள், ஆனால் அந்த மேசைக்குக் கொண்டு போங்கள். டிசெம்பரில் வரும் நத்தார் விருந்தையும் மது குடிப்பதில்லை என்பதற்காகத் தவிர்க்க வேண்டாம். குடிக்காதவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள்.

இருட்டு மாதங்களில் வீட்டுக்குள் முடங்குதல்

ட்ரொம்சோவில் நவம்பர் 27 முதல் ஜனவரி 15 வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வராது. சுற்றியுள்ள மலைகள் மறைப்பதால் ஊருக்குள் மீண்டும் வெயில் தெரிவது ஜனவரி 21-ஐ ஒட்டித்தான். அன்று உள்ளே ஜாம் வைத்த, எண்ணெயில் பொரித்த பன்னுக்கு வெதுப்பகங்களில் வரிசை நிற்கும். முழு இருட்டு என்று நினைக்க வேண்டாம். நண்பகலை ஒட்டி இரண்டு மூன்று மணி நேரம் நீலமாக வெளிச்சம் இருக்கும். அந்த நேரத்தில் வெளியே இருப்பது உடம்புக்கும் மனதுக்கும் பெரிய உதவி. பாதணிக்குக் கீழே மாட்டும் ஆணிப்பட்டை, உடுப்பில் ஒளிபட்டு மின்னும் பட்டி, தலைவிளக்கு மூன்றும் வாங்கி வைத்துக்கொண்டால் விளக்குப் போட்ட பாதைகளில் நீங்களும் நடக்கலாம்.

புதிதாக வந்தவர்கள் நவம்பரில் வீட்டுக்குள் போய் ஏப்ரலில் வெளியே வருவார்கள். ஊரோ அந்த மாதங்களில்தான் அதிகம் கூடுகிறது. 1991 முதல் ட்ரொம்சோவில் சர்வதேசத் திரைப்பட விழா ஜனவரியில் நடக்கிறது. ஃபின்மார்க்கின் ஆல்டாவில் 1981 முதல் ஃபின்மார்க்ஸ்லோப்பெத் என்ற நாய்ச்சறுக்கு வண்டிப் போட்டி மார்ச்சில் நடக்கும். இரண்டும் தொண்டர்களின் கைகளில் நிற்பவை. சீட்டுக் கிழிப்பது, வழி காட்டுவது, சூப் ஊற்றுவது என்று மொழி அரைகுறையாக இருந்தாலும் செய்யக்கூடிய வேலைகள் நிறைய உண்டு. ஒரு விழாவில் தொண்டராக நின்றவரை அடுத்த வருடம் அவர்களே தேடி அழைப்பார்கள்.

நம்மவர்களோடு மட்டும், அல்லது நம்மவர்களே வேண்டாம்

இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. 1980-களில் இலங்கைத் தமிழர் பலர் ஃபின்மார்க்கின் மீன்பிடி ஊர்களுக்குத்தான் வந்தார்கள். மீன் தொழிற்சாலைகளில் ஆள் பற்றாக்குறை, நம்மவர்களுக்கு வேலை உடனே தேவை. ஒஸ்லோவின் துணை மேயராக இருந்து 2021-இல் நாடாளுமன்றத்துக்குத் தெரிவான கம்ஷாயினி குணரத்தினத்தின் குடும்பமும் முதலில் இருந்தது ஃபின்மார்க்கின் ஹம்மர்ஃபெஸ்டில்தான். 1990-ஐ ஒட்டி பேரன்ட்ஸ் கடலில் கொட் மீன் குறைந்து, பிடிக்கும் அளவு வெட்டப்பட்டு, தொழிற்சாலைகள் தடுமாறின. பிள்ளைகளின் படிப்பு, உறவினர், கோயில் என்று வேறு காரணங்களும் சேர, குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஒஸ்லோப் பக்கம் நகர்ந்தன. தமிழ்க் கூட்டத்தை மட்டுமே உறவாகக் கொண்டு அங்கேயே தங்கிவிட்டவர்களுக்கு, அந்த ஊர் ஒரேயடியாக வெறுமையாகிப் போனது. சின்ன ஊரில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு: நான்கு குடும்பத்தில் ஒரு மனஸ்தாபம் வந்தாலே சமூகம் பாதியாகிவிடும்.

அதற்காக "நோர்வேஜியரோடு மட்டும்தான் பழகுவேன்" என்று நம்மவர்களைக் கண்டு ஒதுங்குவதும் சரியில்லை. காய்ச்சல் வந்த இரவில் இரசம் கேட்கக்கூடிய வீடு ஒன்று வேண்டும். பொங்கலுக்குப் பால் பொங்கும்போது பக்கத்தில் நிற்கவும் யாராவது வேண்டும். தொலைபேசியிலேயே யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் வாழ்வது இதைவிட மோசம். மாலை ஐந்து மணிக்குத் தொடங்கும் வாட்ஸ்அப் அழைப்பு ஒன்பது மணி வரை போனால், ஊரில் எதுவும் நடக்கும் நேரம் முழுவதும் அதிலேயே போய்விடும்.

வீட்டில் இருப்பவரை மறந்துவிடுதல்

வேலைக்குப் போகிறவருக்கு வேலையிடம், பிள்ளைக்குப் பாடசாலை. துணையாக வந்தவருக்கு நாலு சுவர். பெரும்பாலும் மனைவி. கணவன் தன் நண்பர்களைக் குடும்பத்தின் நண்பர்கள் என்று நினைத்துக்கொள்வார். அவளுக்கென்று தனியாக ஒருவரும் இருக்க மாட்டார். குழந்தை பிறந்தால் தாய்சேய் நல நிலையம் ஒரே காலத்தில் பெற்ற தாய்மாரைச் சிறு குழுவாகச் சேர்த்துவிடும். அதற்குக் கட்டாயம் போக வேண்டும். பெற்றோரும் குழந்தையும் ஒன்றாகப் போய் இருக்கக்கூடிய திறந்த பாலர் நிலையமும் சில ஊர்களில் உண்டு.

வாகனமும் இங்கே சேர்கிறது. இலங்கை, இந்திய உரிமத்தோடு குடியேறிய மூன்று மாதங்கள்தான் ஓட்டலாம். பிறகு நோர்வே உரிமம் எடுக்க வேண்டும், அதில் வழுக்கும் வீதிப் பயிற்சியும் உண்டு. செலவைப் பார்த்து ஒருவர் மட்டும் எடுத்தால் மற்றவர் ஒவ்வொரு பயணத்துக்கும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பஸ் அரிதான இடத்தில் இருவரும் எடுப்பதே நல்லது.

வந்த மண் யாருடையது என்று பாராமல் இருத்தல்

வடக்கை வெறுமனே "நோர்வே" என்று பார்ப்பவர்கள் பாதி ஊரைப் பார்ப்பதில்லை. அது வடக்கின் பழங்குடிகளான சாமி இனத்தாரின் நிலம். கரையோரத்தில் பின்னிஷ் வேரில் வந்த க்வேன் மக்களும் இருக்கிறார்கள். சாமி பாராளுமன்றம் 1989 முதல் ஃபின்மார்க்கின் காரஷோக்கில் இயங்குகிறது. அதற்கு முன்னர் நீண்ட காலம் அரசு இந்த மக்களின் மொழிகளைப் பாடசாலைகளில் அடக்கி வைத்தது. அந்தக் கொள்கையை ஆராய்ந்த உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு 2023 ஜூன் 1-இல் தன் அறிக்கையை நாடாளுமன்றத்திடம் கையளித்தது. உங்கள் வேலைத் தோழரின் பாட்டி தன் மொழியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காமல் மறைத்திருக்கலாம். அந்த வலி நமக்கு விளங்காததல்ல. ஆனால் நம் கதையைச் சொல்ல முந்தாமல் முதலில் கேட்க வேண்டும்.

துருவ மான் வளர்ப்பவரிடம் "எத்தனை மான் வைத்திருக்கிறீர்கள்?" என்று ஆவலில் கேட்டு விடாதீர்கள். ஒருவரின் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று விசாரிப்பது போன்றது அது. பெப்ரவரி 6 சாமி தேசிய தினம். 1917-இல் ட்ரொண்ட்ஹெய்மில் கூடிய முதல் சாமி மாநாட்டை நினைவுகூரும் நாள். ட்ரொம்சோவில் அந்தக் கிழமை முழுக்க நிகழ்ச்சிகள் உண்டு, பிரதான வீதியிலேயே துருவ மான் ஓட்டப் போட்டி நடக்கும். போய் நில்லுங்கள்.

எப்போதும் போகும் கதை

"எவ்வளவு காலம் இருப்பீர்கள்?" இந்தக் கேள்வி எல்லோரிடமிருந்தும் வரும். வடக்கத்தியர் தங்களிடம் வந்து, பழகி, இரண்டு வருடத்தில் போய்விட்ட மருத்துவர்களையும் ஆசிரியர்களையும் நிறையப் பார்த்தவர்கள். "தெற்கில் வேலை கிடைத்தால் உடனே போய்விடுவேன்" என்று முதல் மாதத்திலேயே சொல்பவரிடம் அவர்கள் அளந்துதான் பழகுவார்கள். பொய் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பருவம் முடியும்வரை இங்கேதான் என்று ஒரு பொறுப்பை ஏற்கலாம். சங்கங்களின் ஆண்டுக் கூட்டங்கள் பெரும்பாலும் பெப்ரவரி, மார்ச்சில் நடக்கும். அதற்கு முன்னர் தெரிவுக் குழுவில் இருந்து யாராவது தொலைபேசியில் அழைத்து, செயற்குழுவில் ஒரு இடம் எடுக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்பார். மொழி போதாது என்று மறுத்துவிடாதீர்கள். கணக்குப் பார்ப்பது, உடுப்புச் சாமான் பொறுப்பு போன்றவற்றுக்கு நிறையப் பேச வேண்டியதில்லை. அந்த அழைப்பு வந்தால் ஊர் உங்களைத் தன் ஆளாக எண்ணத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

செப்டெம்பரைத் தவறவிட்டவர்கள் அடுத்த ஓகஸ்ட் வரை காத்திருக்க வேண்டாம். பல வகுப்புகளும் குழுக்களும் புத்தாண்டு விடுமுறைக்குப் பிறகு ஜனவரியில் இன்னொரு முறை ஆள் சேர்க்கும். ஆனால் தூக்கம் கெட்டு, கட்டிலை விட்டு எழும்ப மனமில்லாமல் கிழமைக்கணக்கில் போகிறதென்றால் அதைத் தனிமை என்று மட்டும் எண்ணிப் பொறுத்துக்கொள்ள வேண்டாம். குடும்ப மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். இரவில் யாரிடமாவது கதைக்க வேண்டும் போலிருந்தால் மென்டல் ஹெல்ஸே என்ற மனநல அமைப்பின் 116 123 என்ற இலக்கத்தில் எந்த நேரமும் ஆள் இருப்பார்கள்.