பழைய போனைப் பதினைந்து நாள் கையிலேயே வைத்திருங்கள்

கடலூர் திருப்பாப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் 18 வருஷமாக பிளவுஸ் தைக்கிறேன். என் கடையில் கணக்கு நோட்டு கிடையாது. யாருக்கு என்ன அளவு, எந்தக் கழுத்து, எவ்வளவு அட்வான்ஸ், எந்த முகூர்த்தத்துக்கு வேண்டும், எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் இருக்கும். 2022-இல் புது போன் வாங்கிய அன்று சாயங்காலமே அத்தனையும் போய்விட்டது. போன ஆடியில் மறுபடி போன் மாற்றினேன். இந்தத் தடவை ஒரு படம்கூடத் தவறவில்லை. இரண்டு தடவைக்கும் நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் 2022-இல் நடந்தது. போன் எடுத்த கடையில் இருந்த பையன், "பத்து நிமிஷம் உட்காருங்க அக்கா, எல்லாத்தையும் மாத்திக் கொடுத்துடறேன்" என்றான். புதிதாக ஒரு ஜிமெயில் கணக்கு தொடங்கினான், பாஸ்வேர்டை அவனே போட்டான், சிம்மை மாற்றினான், வாட்ஸ்அப்பை ஏற்றினான். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு என் எதிரிலேயே அழித்தான். வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப்பைத் திறந்தால் பெயர்கள் இருக்கின்றன, உள்ளே ஒன்றுமில்லை. நாலு வருஷத்து டிசைன் படங்கள் போயின. அதைவிட, அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது எனக்கு அனுப்பிய குரல் பதிவுகள் போயின. டிசைனைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். அப்பாவின் குரலை எங்கே போய்ச் சேர்ப்பது?

ஏன் போயிற்று என்பது பிறகுதான் புரிந்தது. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் தன் பேக்கப்பை, அதாவது உரையாடல்களின் நகலை, கூகுள் கணக்கில் வைக்கிறது. புது போனிலும் அதே கூகுள் கணக்கு, அதே நம்பர் இருந்தால்தான் அது திரும்ப வரும். பையன் போட்டதோ வேறு கணக்கு. சரி, பழைய கணக்கைத் திறக்கலாம் என்றால், அதுவும் அதற்கு முந்தைய கடையில் யாரோ போட்டது. பாஸ்வேர்டு தெரியாது. மீட்பதற்குக் கொடுத்திருந்த நம்பர், நான் எப்போதோ விட்டுவிட்ட சிம். கைவிட்ட நம்பர் மூன்று மாதத்துக்குப் பிறகு வேறொருவர் கைக்குப் போய்விடலாம்.

அதனால் வேலை புது போன் வாங்குவதற்கு ஒரு வாரம் முன்பே, பழைய போனில் தொடங்குகிறது. செட்டிங்ஸில் கூகுள் என்று இருக்கும் இடத்தைத் திறந்து, எந்த ஜிமெயில் ஓடுகிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று இருக்கலாம். ஒவ்வொரு முறை போன் மாற்றும்போதும் கடையில் ஒன்று போட்டிருப்பார்கள். எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்து, பாஸ்வேர்டை நீங்களே மாற்றுங்கள். மீட்பு நம்பராக இப்போது ஓடும் உங்கள் சிம்மையும், மீட்பு மெயிலாக வீட்டில் நம்பிக்கையான ஒருவருடையதையும் கொடுங்கள். பாஸ்வேர்டை ஒரு காகிதத்தில் எழுதி ரேஷன் கார்டு வைக்கும் உறையில் வையுங்கள். காகிதத்தில் எழுதக்கூடாது என்று சிலர் சொல்வார்கள். பாஸ்வேர்டை மறந்து எல்லாவற்றையும் இழந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், எழுதி வையுங்கள்.

அடுத்தது பெயர்கள். சில நம்பர் சிம்மில் இருக்கும், சில போனில், சில கூகுள் கணக்கில். சிம்மில் பெயரும் நம்பரும் மட்டும்தான் நிற்கும், இடமும் குறைவு. காண்டாக்ட்ஸ் செயலியில் சிம்மிலிருந்து இம்போர்ட் செய்யும் வசதி இருக்கிறது. எல்லாவற்றையும் கூகுள் கணக்குக்கு நகர்த்திவிடுங்கள்.

பிறகு வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப். அங்கே கடைசியாக எந்தத் தேதியில் பேக்கப் ஆனது, எந்த ஜிமெயிலில் ஆனது என்று இரண்டும் தெரியும். என் போனில் தேதி ஏழு மாதம் பழையதாக இருந்தது. கூகுள் இலவசமாகக் கொடுக்கும் 15 ஜிபி இடத்துக்குள்தான் ஜிமெயில், போட்டோ, வாட்ஸ்அப் பேக்கப் மூன்றும் அடங்க வேண்டும். அது நிரம்பினால் பேக்கப் நின்றுவிடும். எனக்கு நிரப்பியிருந்தவை காலை வணக்க வீடியோக்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அழித்தேன். வீடியோக்களையும் சேர்த்து பேக்கப் எடுக்கச் சொல்லும் பொத்தான் தனியாக இருக்கிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் வைஃபை இருந்தால் அதில் செய்யுங்கள்.

இனி வாங்கப் போகலாம். முன்பெல்லாம் எங்கள் பக்கத்தில் எந்த மின்சாமான் என்றாலும் முள்ளோடை தாண்டி புதுச்சேரிக்குப் போவோம், வரி குறைவு என்று. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு அந்தக் கணக்கு மாறிவிட்டது. புதுச்சேரி நேரு வீதியில் வாங்கினாலும் எங்கள் லாரன்ஸ் ரோட்டில் வாங்கினாலும் மொபைலுக்கு ஒரே வரிதான், 18 சதவீதம். விலை குறைவாக இருக்கிறது என்றால் அது கடைக்காரர் கொடுக்கும் தள்ளுபடி. பஸ் செலவையும், ஏதாவது கோளாறு என்றால் திரும்ப அலைவதையும் சேர்த்துப் பாருங்கள். நான் உள்ளூரிலேயே வாங்கினேன்.

கடையில் மூன்றே காரியம். பெட்டியை உங்கள் எதிரில் பிரிக்கச் சொல்லுங்கள். போனில் *#06# அழுத்தினால் ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். அது பெட்டியிலும் பில்லிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஒரு இடைவெளி, அந்த 15 இலக்கம், இதை 14422 எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் எந்த கம்பெனி, எந்த மாடல் என்று பதில் வரும். பில்லை ஒரு படம் எடுத்து மெயிலுக்கு அனுப்பிவிடுங்கள். போன் தொலைந்தால் போலீஸ் புகார் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்க அந்த ஐஎம்இஐ எண் வேண்டும்.

மூன்றாவது காரியம், "வேண்டாம் தம்பி, வீட்டில் செய்துகொள்கிறேன்" என்று சொல்வது. எக்ஸ்சேஞ்சும் வேண்டாம். என் பழைய போனுக்கு 1,500 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். அந்தப் பணத்தை விட்டதில் எனக்கு வருத்தமே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் எட்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும் என்பதெல்லாம் பழைய பேட்டரி காலத்துப் பேச்சு. பாதிக்கு மேல் இருந்தால் தொடங்கலாம். போன் கணக்கைக் கேட்கும்போது புதிதாக எதுவும் தொடங்காமல், காகிதத்தில் எழுதிய அதே ஜிமெயிலைப் போடுங்கள். பழைய போனிலிருந்து எடுக்கவா என்று கேட்கும், சரி என்று சொல்லி இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

வாட்ஸ்அப்பை அவசரப்பட்டுத் திறக்க வேண்டாம். அன்றைக்குச் சிம் பழைய போனிலேயே இருக்கட்டும். முதலில் பழைய போனில் இன்னொரு தடவை பேக்கப் எடுங்கள். பிறகு புதியதில் அதே நம்பரைக் கொடுங்கள். ஓடிபி பழைய போனுக்கு வரும், பார்த்து இதில் அடிக்கலாம். உள்ளே போனதும் பேக்கப் இருக்கிறது, ரிஸ்டோர் செய்யவா என்று கேட்கும். இந்த இடத்தில்தான் பலர் ஸ்கிப் அழுத்திவிடுகிறார்கள். அழுத்தினால் காலி வாட்ஸ்அப்தான் திறக்கும். அப்படி ஆகிவிட்டாலும் பயப்பட வேண்டாம், உடனே செயலியை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினால் அதே கேள்வி திரும்ப வரும். கூகுளில் இடம் போதவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. பழைய போனில் சாட்ஸுக்குள் டிரான்ஸ்ஃபர் சாட்ஸ் என்று ஒன்று உண்டு. புது போன் காட்டும் க்யூஆர் கட்டத்தைப் பழைய போனால் ஸ்கேன் செய்தால், நேராகப் பழையதிலிருந்து புதியதற்குப் போய்விடும். பழைய போன் கையில் இருந்தால் மட்டுமே இது நடக்கும்.

எல்லாம் வந்ததா என்பதை எண்ணிப் பாருங்கள். நான் புது போனில், தொடர்ந்து தைக்கும் பத்து பேருடைய உரையாடலைத் திறந்து, முதல் படம் வரை மேலே தள்ளிப் பார்த்தேன். பிறகு பாஸ்கீ, டூ ஸ்டெப் என்று வாட்ஸ்அப் கூடுதல் பாதுகாப்புக்காக எது கேட்டாலும் நிதானமாகப் படித்து, ஆறு இலக்கப் பின் நம்பர் ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை சிம்மை மாற்றி, பணம் அனுப்பும் செயலிகளைத் தொடங்குங்கள். யூபிஐ செயலி உங்கள் சிம்மிலிருந்து தானாக ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் இது நீங்கள்தானா என்று உறுதி செய்கிறது. சிம்மில் எஸ்எம்எஸ் போகும் அளவு ரீசார்ஜ் இல்லை என்றால் சுற்றிக்கொண்டே நிற்கும். இரண்டு சிம் இருந்தால் பேங்கில் பதிவான சிம்மைத் தேர்ந்தெடுங்கள். யூபிஐ பின் நம்பர் பழையதேதான், மாற்ற வேண்டியதில்லை. முக்கியமான விஷயம், போன் மாற்றிய முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. பாதுகாப்புக்காக வைத்த வரம்பு அது. லைனிங் துணி எடுக்கப் போகும் நாளில் போன் மாற்றினால் கடையில் நிற்க வேண்டியதுதான். முகூர்த்தம் இல்லாத ஆடியில் நான் மாற்றியதற்கு அதுதான் காரணம். கையில் கொஞ்சம் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள்.

சிம் கார்டையே புதிதாக வாங்குவதாக இருந்தால், அல்லது கார்டே இல்லாத இ-சிம்முக்குப் போவதாக இருந்தால், அதைப் போன் மாற்றும் வாரத்தில் செய்யாதீர்கள். சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வரவும் போகவும் விடமாட்டார்கள். ஓடிபி வராமல் பாதியில் எல்லாம் நின்றுவிடும்.

அப்புறம், புது போனோடு சேர்ந்து வரும் தொல்லைகள். கேட்காத செயலிகள், பூட்டிய திரையில் விளம்பரம், மணிக்கொரு அறிவிப்பு. வருகிற அறிவிப்பை அழுத்திப் பிடித்தால் அதை நிறுத்தும் பொத்தான் வரும். ஒரு வாரம் பொறுமையாக ஒவ்வொன்றாக நிறுத்தினால் போன் அமைதியாகிவிடும். எழுத்தைப் பெரிதாக்குங்கள். கீபோர்டில் தமிழைச் சேர்த்து மைக் பொத்தானை அழுத்திப் பேசிப் பாருங்கள். "தோள் 14, மார்பு 36, கை நீளம் 9, பின் கழுத்து இறக்கம் 8" என்று அளவு பிளவுஸை ஒரு கையில் பிடித்துக்கொண்டே சொல்கிறேன், அதுவே எழுதிக்கொள்கிறது. இதற்காகவே புது போன் வாங்கலாம்.

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஃபைல் வந்து, பெயர் ஏபிகே என்று முடிந்தால் தொடாதீர்கள். அது பத்திரிகை இல்லை, போனுக்குள் புகும் செயலி. தையல்காரிக்குப் பத்திரிகை நிறைய வரும் என்பதால் நான் எப்போதும் முடிவைப் பார்த்த பிறகே திறக்கிறேன். பணம் போய்விட்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.

கடலூர்க்காரர்களுக்கு ஒன்று. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். சார்ஜர் குத்தும் துளையில் ஈரம் இருப்பதாகப் போன் சொன்னால் சார்ஜ் போடாமல், துளை கீழே பார்க்க ஃபேன் காற்றில் வைத்துவிடுங்கள். அரிசியில் புதைக்க வேண்டாம், தூசு உள்ளே போகும். துணியோடு வேலை செய்பவர்களுக்குப் பஞ்சும் நூலும் துளையில் அடைந்து, சார்ஜர் சரியாக உட்காராது. போன் கெட்டுவிட்டது என்று நினைப்போம். அணைத்துவிட்டு, காய்ந்த பல்குத்தும் குச்சியால் மெதுவாக எடுத்தால் போதும்.

மழைக்காலத்துக்கு முன் எமர்ஜென்சி அலர்ட் செட்டிங்ஸில் இயங்குகிறதா என்று பாருங்கள். தமிழக அரசின் டிஎன் அலர்ட் செயலியையும் ஏற்றிக்கொள்ளுங்கள். 2011 டிசம்பர் 30 தானே புயலின்போது கையில் இருந்த பட்டன் போனில் மூன்று நாள் சார்ஜ் நின்றது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரையேறியபோது, கரண்ட் இல்லாமல் என் போன் மறுநாள் மதியமே அணைந்துவிட்டது. அதற்குப் பிறகு வாங்கிய பவர் பேங்கை ஐப்பசி பிறந்ததும் நிரப்பி வைக்கிறேன்.

பதினைந்து நாள் ஆனதும், இடையில் எதையாவது தேடிப் பழைய போனைத் திறந்தீர்களா என்று யோசியுங்கள். நான் இரண்டு முறை திறந்தேன். கேஸ் புக் செய்யும் நம்பருக்கு ஒன்று, பழைய ரெக்கார்டிங் ஒன்றுக்கு. அதற்குப் பிறகு தேவைப்படவில்லை. யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் முதலில் செட்டிங்ஸில் கூகுள் கணக்கை நீக்கி, பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். கணக்கை நீக்காமல் அழித்தால், வாங்கியவர் உங்கள் பாஸ்வேர்டு கேட்டுத் தேடி வரலாம். சிம், மெமரி கார்டு இரண்டும் எடுத்தாயிற்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கழுத்து டிசைன் படங்களை மட்டும் திரும்ப ஏற்றி, சிம் இல்லாமல் மெஷின் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் அதை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்து, "இது போடுங்கக்கா" என்று காட்டுகிறார்கள்.