சில்லுகள் நிறைய இருக்கும் போக்கரில் வலிமையான கையை ஆடும் முறை

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் முந்நூற்று நான்கு (304) என்னும் சீட்டாட்டம் ஆடிப் பழகியவர்கள் டெக்ஸஸ் ஹோல்டம் போக்கருக்கு வரும்போது, துரும்பைக் கவிழ்த்து வைத்து உரிய நேரம்வரை மறைக்கும் பழக்கத்தையும் கூடவே கொண்டு வருகிறார்கள். சில்லுகள் நிறைந்த மேசையில் அந்தப் பழக்கமே நல்ல கையின் வருமானத்தைக் கெடுக்கிறது. ஏன் என்பதைக் கணக்கோடு பார்ப்போம். பழகுவதற்குக் காசு வேண்டாம், புளியங்கொட்டைகளே போதும்.

படி 1: ஆழத்தை அளத்தல்

உங்களிடமும் எதிராளியிடமும் உள்ள சில்லுகளில் குறைந்த தொகையைப் பிக் பிளைண்டால், அதாவது சீட்டுப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்கும் இரண்டு பந்தயங்களில் பெரியதால், வகுக்க வேண்டும். 100 என்பது வழக்கமான அளவு. 200 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆட்டம் ஆழமானது.

படி 2: கையை மதிப்பிடுதல்

இரண்டு ஏஸ்கள் கிடைத்தாலும், மேசைச் சீட்டுகள் துணை தராவிட்டால் அது ஒரு சோடி மட்டுமே. 200 பிக் பிளைண்டையும் ஒருவர் முழுமனதோடு உள்ளே தள்ளும்போது ஒற்றைச் சோடி முன்னிலையில் இருப்பது அரிது. கையில் சோடி வைத்திருப்பவருக்கு ஃப்ளொப்பில், அதாவது மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டுகளில், அதே எண்ணின் மூன்றாவது சீட்டு விழுந்து செட் அமைவது ஏறத்தாழ 12 வீதம். அத்தகைய கையையே இங்கு வலிமையானது என்கிறேன்.

படி 3: பொட்டை (நடுவில் சேரும் பந்தயத் தொகையை) வளர்த்தல்

பிளைண்டுகள் 10, 20 என்றும், இருவரிடமும் 4,000 என்றும் கொள்வோம். இரண்டு ஏழுகளோடு நீங்கள் 60 வைக்க, பிக் பிளைண்டில் இருப்பவர் மட்டும் கோல் செய்கிறார், அதாவது அதே தொகையை ஈடு வைக்கிறார். பொட்டில் 130, கையில் 3,940. ஃப்ளொப்பில் கிங், ஏழு, நான்கு விழுகின்றன. எதிராளி செக் செய்ய (பந்தயம் வைக்காமல் விட), நீங்கள் ஃப்ளொப் முதல் மூன்று சுற்றுகளிலும் பொட்டின் முழு அளவு பெட் (பந்தயம்) வைத்து, அவர் கோல் செய்துகொண்டே வந்தால், 130, 390, 1,170 என மொத்தம் 1,690 உள்ளே போகும். ஃப்ளொப்பில் மறைந்திருந்து நீங்களும் செக் செய்தால் எஞ்சும் இரண்டு சுற்றுகளில் 520 மட்டுமே சேரும். அதாவது, முதற்சுற்றில் 130ஐத் தவிர்த்ததாகத் தோன்றினாலும், உண்மையில் இழப்பது இறுதிச் சுற்றின் 1,170ஐ.

ஒவ்வொருவரிடமும் 2,000 மட்டும் இருந்திருந்தால் மூன்று பெட்டுகளே அனேகமாக எல்லாவற்றையும் உள்ளே இழுத்திருக்கும். 4,000 இருக்கும்போது 2,250 வெளியே நிற்கிறது. ஆகவே எதிராளி பெட் வைத்தால் தயங்காமல் ரெய்ஸ் செய்யுங்கள், அதாவது தொகையை உயர்த்துங்கள். கிங் வைத்திருப்பவர் எளிதில் விலகமாட்டார்.

படி 4: மறைப்பதற்குரிய இடம்

உங்களிடம் இரண்டு கிங்குகள் இருந்து, ஃப்ளொப்பில் வெவ்வேறு இனங்களில் கிங், ஏழு, இரண்டு விழுந்தால், எதிராளியிடம் கோல் செய்யத்தக்க கை இருப்பது குறைவு. அங்கு ஒரு சுற்று செக் செய்யலாம்.

படி 5: மேசை மாறும்போது

ஒரே இனத்தில் நான்காவது சீட்டு ரிவரில் (மேசையில் கடைசியாகத் திறக்கும் சீட்டில்) விழுந்தால் ஏழுகளின் செட் பழைய வலிமையோடு இல்லை; ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்த கை அதை வெல்லும். எதிராளி மிதமாகப் பெட் வைத்தால் ரெய்ஸ் வேண்டாம், கோல் செய்வதைப் பற்றி மட்டும் யோசியுங்கள்.