வெளிநாட்டு விமானக் கம்பெனி மேல் மதுரையிலேயே கேஸ் போட

லண்டனில் மகளைப் பார்த்துவிட்டுச் சென்னையில் இறங்கினேன். என் பெட்டி ஒரு பக்கம், அதன் சக்கரம் இன்னொரு பக்கம் பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருந்தன. அசதியில் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். அங்கேயே கவுண்டரில் சேதப் புகார் எழுதி நகல் வாங்குங்கள். போர்டிங் பாஸில் ஒட்டிய பேக்கேஜ் ஸ்டிக்கரைக் கிழித்துப் போடாதீர்கள்.

சர்வதேச விமானப் பயணத்துக்கான 1999 மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதம் என்றால் 7 நாளுக்குள் எழுத்தில் புகார் போயிருக்க வேண்டும். பெட்டி தாமதம் என்றால் கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள். வழக்குக்கு 2 வருடம். டிக்கெட் நிபந்தனையில் ‘எங்கள் ஊர் கோர்ட்டுக்கு மட்டுமே வரலாம்’ என்றிருந்தாலும் மிரளாதீர்கள், அதே உடன்படிக்கையின் பிரிவு 49 அதைச் செல்லாததாக்குகிறது.

2019 நுகர்வோர் சட்டத்தில் நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் (எனக்கு மதுரை) நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை.

நான் சொதப்பியது முகவரியில். டிக்கெட்டில் இருந்த வெளிநாட்டு விலாசத்தை எழுதிவிட்டேன். அப்படிப் போனால் நோட்டீஸ், வெளிநாட்டுக்கு நீதிமன்ற ஆவணங்கள் அனுப்புவதற்கான ஹேக் உடன்படிக்கை வழியாக, மத்திய சட்ட அமைச்சகத்தைச் சுற்றித்தான் போகும், மாதக்கணக்கில் இழுக்கும். கம்பெனியின் இந்திய அலுவலக முகவரியைத் தேடி எதிர்தரப்பில் போடுங்கள். இங்கே அலுவலகமும் இல்லை, வங்கிக் கணக்கும் இல்லை என்றால், ஜெயித்த ஆர்டரை ஃப்ரேம் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் இதைத்தான் முதலில் பாருங்கள்.